பெட்டி ரெடி... உடம்பு ரெடியா?

சான் ஃப்ரான்சிஸ்கோ கிளம்பும் அப்பா அம்மாக்களுக்கு...

மகன் டிக்கெட் போட்டாச்சு. விசாவும் கைக்கு வந்தாச்சு. ஹாலில் பெரிய பெட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கின்றன. பருப்புப் பொடி, மோர் மிளகாய், வடகம், பேத்திக்குப் பட்டுப் பாவாடை... பெட்டிக்கு 23 கிலோதான் என்று கணக்கு இருப்பதால், எடை மெஷினில் ஏற்றுவதும் இறக்குவதுமாக ஒரு மாதம் வீடே அமர்க்களப்படும். அரைக் கிலோ கூடிவிட்டால் மோர் மிளகாயை எடுத்து வெளியே வைப்பதும், மனசு கேட்காமல் மறுபடி உள்ளே திணிப்பதும்... பார்க்கவே வேடிக்கைதான்!

சரி, இத்தனை முறை பெட்டியை எடை போட்டீர்களே, உங்கள் உடம்பை ஒரு தடவையாவது டாக்டரிடம் காட்டினீர்களா?

'எதுக்குங்க? போய்க் காட்டினா ஏதாவது சொல்லி பயணத்தை நிறுத்திடுவார்!' பல வீடுகளில் இதுதான் பதில். உண்மையில் டாக்டர்கள் பயணத்தை நிறுத்துவது ரொம்ப அபூர்வம். எப்படிப் போனால் பத்திரமாகப் போகலாம் என்று சொல்லத்தான் பார்ப்பார்கள். ஆனால் அவர்களிடமே விஷயத்தை மறைத்தால் என்ன செய்ய முடியும்?

சென்னையிலிருந்து சான் ஃப்ரான்சிஸ்கோவுக்கு நேரடி விமானம் கிடையாது. வளைகுடா வழியாகவோ, ஐரோப்பா வழியாகவோ, சிங்கப்பூர், ஹாங்காங் வழியாகவோ எங்காவது இறங்கி ஏறித்தான் ஆக வேண்டும். மீனம்பாக்கத்தில் பெட்டியைப் போட்டதிலிருந்து அங்கே மகனைக் கண்ணால் பார்க்கும்வரை ஒரு நாள் முழுக்க ஓடிவிடும். நடுவே ஒரே ஆசனத்தில் தொடர்ந்து 11 மணி நேரம், சில வழிகளில் 15, 16 மணி நேரம்கூட உட்கார வேண்டிவரும். இருபத்தைந்து வயசுப் பையனுக்கு இது வெறும் அலுப்பு. அறுபது தாண்டி, சர்க்கரையும் பிரஷரும் மூட்டுவலியும் உள்ளவருக்கு இது உடம்புக்கு வைக்கிற பரீட்சை. அதற்குத் தயார் பண்ணிக்கொள்ள வேண்டாமா?

டாக்டரிடம் ஆறு வாரம் முன்பே

கிளம்புவதற்கு முதல் நாள் அல்ல, ஆறு வாரம் முன்பே போங்கள். டிக்கெட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த ஊரில் எத்தனை மணிக்கு ஏறுகிறீர்கள், எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள் என்பதை வைத்துத்தான் இன்சுலின் நேரத்தை அவர் மாற்றி எழுதித் தர முடியும்.

சில விஷயங்களை வாய் விட்டுச் சொல்லியே ஆக வேண்டும். சமீபத்தில் ஹார்ட் அட்டாக் வந்ததா, ஆஞ்சியோபிளாஸ்டி செய்தார்களா, இடுப்பிலோ முட்டியிலோ வயிற்றிலோ ஆபரேஷன் நடந்ததா, எப்போதாவது காலில் ரத்தம் கட்டியதா, கடுமையான ரத்தசோகை இருக்கிறதா... எல்லாவற்றையும். குறிப்பாகக் கண்! சாதாரண கேட்டராக்ட் ஆபரேஷன் பெரிய தடையல்ல. ஆனால் விழித்திரை ஆபரேஷனில் சில சமயம் கண்ணுக்குள் வாயுவை நிரப்புவார்கள். அது முழுவதும் கரையும்வரை விமானத்தில் ஏறவே கூடாது. மேலே போனதும் அந்த வாயு விரிந்து கண்ணின் அழுத்தம் ஏறி, பார்வையே போய்விடும் அபாயம் உண்டு. 'கண்ணுதானே, அதுக்கும் ஃப்ளைட்டுக்கும் என்ன சம்பந்தம்?' என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

நுரையீரல் தொல்லை உள்ளவர்களுக்கு ஒரு கைப்பிடிக் கணக்கு: 50 மீட்டர் தூரமோ ஒரு மாடியோ மூச்சு வாங்காமல் நடக்க, ஏற முடிகிறதா? முடிந்தால் பெரும்பாலும் பயமில்லை. முடியவில்லை என்றால் டாக்டர் தீர்மானிக்கட்டும். தேவைப்பட்டால் விமான நிறுவனத்திடம் மருத்துவப் படிவம் கொடுத்து, ஆக்ஸிஜனுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம்.

இன்னொன்று, பல்! ஆடுகிற பல், சொத்தை, அரைகுறையாக நிற்கும் ரூட் கெனால்... எல்லாவற்றையும் இங்கேயே முடித்துவிடுங்கள். அமெரிக்காவில் பல் வைத்தியச் செலவைக் கேட்டால் பல்வலியே மறந்துபோகும்! விசிட்டர்களுக்கான இன்ஷூரன்ஸில் பல் பெரும்பாலும் சேராது. கண்ணாடி போடுபவர்கள் இரண்டாவது கண்ணாடி ஒன்றையும், காது மெஷின் வைத்திருப்பவர்கள் பேட்டரிகளையும் மறக்காதீர்கள்.

மருந்துப் பை கையிலேயே!

பெட்டியில் போட்டு அனுப்பவே கூடாத ஒரே பொருள் மருந்து. பெட்டி வழி தவறி வேறு ஊருக்குப் போவது சர்வ சாதாரணம். நீங்கள் கலிபோர்னியாவில், உங்கள் பிரஷர் மாத்திரை ஐரோப்பாவில்! இன்சுலினுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பெட்டிகள் வைக்கும் அறையின் குளிரில் அது உறைந்துபோகலாம். ஒரு தடவை உறைந்த இன்சுலின், உருகிய பிறகு பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தாலும் வேலை செய்யாது. தூக்கித்தான் போட வேண்டும். 'ஃப்ரிட்ஜில் வைங்கம்மா' என்று பணிப்பெண்ணிடம் கொடுப்பதும் வேண்டாம். உறைபனிக் கட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் அதே கதிதான். பயன்பாட்டில் உள்ள பேனாவும் குப்பியும் சாதாரண அறை வெப்பத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும் (வகைக்கு வகை மாறும், அட்டையில் பாருங்கள்). மீதியைச் சின்னக் குளிர்ப் பையில் வைத்துக் கையோடு கொண்டுபோகலாம். நூறு மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி அவசிய மருந்துகளுக்குப் பொருந்தாது. சோதனைக்காரரிடம் எடுத்துக் காட்டிச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டிக்கொண்டு போகும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. கூடாது! அட்டையோடு, டாக்டர் சீட்டோடு போக வேண்டும். சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் போதாது. மருந்தின் பொதுப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். இங்கே நாம் சொல்லும் பிராண்டு பெயர் அங்கே யாருக்கும் புரியாது. நம் பாராசிட்டமாலுக்கே அங்கே பெயர் அசிட்டமினோஃபென்! இன்னொரு சங்கடம், நம் ஊர் டாக்டர் சீட்டைக் காட்டி அங்கே மருந்துக் கடையில் மாத்திரை வாங்க முடியாது. அங்கே உள்ள டாக்டர் எழுதித் தர வேண்டும்.

எவ்வளவு கொண்டுபோகலாம்? சொந்த உபயோகத்துக்குப் பொதுவாக 90 நாள் அளவு என்பது அமெரிக்க அரசின் வழிகாட்டுதல். ஆறு மாதம் தங்கப்போகிறவர்கள் மீதிக்கு என்ன வழி என்பதைக் கிளம்பும் முன்பே மகனோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கையிருப்பு தீரும் அன்று உட்கார்ந்து யோசித்துப் பிரயோஜனமில்லை. தூக்க மாத்திரை, நரம்புவலிக்கான கடுமையான மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டர் கடிதம் இல்லாமல் கிளம்பாதீர்கள். டிரமடால் மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு வளைகுடா நாடுகளில் கடுமையான கட்டுப்பாடு உண்டு. அந்த வழியாகப் போகிறவர்கள் முன் அனுமதி தேவையா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

ஊட்டியில் ஒரே நாற்காலியில்...

விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோலத்தான் வைக்கப்படுகிறது. நம்ம ஊட்டி சுமார் 7,350 அடி. ஆக, நீங்கள் ஊட்டிக்குப் போய் ஒரே நாற்காலியில் பதினைந்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஊட்டியின் ஈரக் காற்று கிடையாது. விமானத்துக்குள் ஈரப்பதம் 20 சதவிகிதத்துக்கும் கீழே. கண் எரியும், மூக்கு காயும், தொண்டை வறளும்.

காற்றழுத்தம் குறைவதால் வயிற்றில் உள்ள வாயுவும் கால் பங்குக்கு மேல் விரிகிறது. ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது சுண்டலும் முட்டைகோஸ் பொரியலும் சாப்பிட்டுவிட்டு ஏறினால், நடுவானில் நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கும், 'ஹார்ட்டோ?' என்று பயந்துபோவீர்கள். இட்லியோ தயிர் சாதமோ உத்தமம்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு தமாஷ். 'ஹிந்து மீல்' என்று பெயரைப் பார்த்ததும் நம்பி டிக்கெட்டில் போட்டுவிடுகிறார்கள். பல விமானங்களில் அது சைவம் அல்ல! மாட்டிறைச்சி இருக்காது, கோழியோ மீனோ ஆடோ இருக்கும். நமக்கு வேண்டியது 'ஏஷியன் வெஜிடேரியன்'. சர்க்கரை உள்ளவர்களுக்கென்று தனி உணவும் உண்டு. எதுவானாலும் குறைந்தது ஒரு நாள் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுபவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். தட்டு கண்ணெதிரே வந்த பிறகு ஊசி! 'இதோ வண்டி வருது' என்று போட்டுக்கொண்டால், திடீரென்று விமானம் குலுங்கி, 'எல்லோரும் உட்காருங்கள்' என்று அறிவித்து, வண்டி திரும்பிப் போய்விடும். சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும். சட்டைப்பையில் சர்க்கரை, குளுக்கோஸ், நாலு பிஸ்கட் எப்போதும் இருக்கட்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கால்!

மணிக்கணக்கில் முட்டியை மடக்கி உட்கார்ந்திருந்தால், கெண்டைக்கால் சதைக்குள் ஆழத்தில் ஓடும் ரத்தக் குழாயில் ரத்தம் தேங்கி உறைந்து கட்டியாகலாம். நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. உட்கார்ந்திருக்கும்போது அந்த பம்பு நின்றுபோகிறது. கட்டி காலிலேயே இருந்தால் வீக்கமும் வலியும். அது பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் இந்த அபாயத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்குகிறது. பயந்துவிடாதீர்கள், ஆரோக்கியமானவர்களில் சுமார் ஆறாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது. விமானம் மட்டுமல்ல, பஸ், ரயில், காரிலும் இதே கதைதான். ஆனால் வயதானவர்கள், பருமனானவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், முன்பே ரத்தக் கட்டி வந்தவர்கள், கர்ப்பிணிகள், ஹார்மோன் மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு இது கூடுதல்.

தடுப்பது சுலபம். பழைய தையல் மெஷினை மிதித்திருப்பீர்களே, அதே மாதிரி உட்கார்ந்த இடத்திலேயே குதிகாலைத் தூக்கி, பிறகு முன்பாதத்தைத் தூக்கி... ஒவ்வொரு மணி நேரமும் இரண்டு மூன்று நிமிடம் மிதியுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் ஒன்றரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடைபாதையில் ஒரு சுற்று. இதற்காகவே ஓர ஸீட், அதாவது நடைபாதை ஓரம், கேட்டு வாங்குங்கள். ஜன்னலில் பார்க்க என்ன இருக்கிறது? பத்து மணி நேரம் இருட்டும் மேகமும்தான்!

நம் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பக்கத்தில் இருப்பவரை எழுப்பக் கூச்சம், விமானக் கழிப்பறை என்றால் ஓர் அலர்ஜி. அதனால் தண்ணீரே குடிக்காமல் வறண்டுபோய் உட்கார்ந்திருப்பார்கள். சில ஆண்கள் நீர் பிரியும் மாத்திரையைத் தாங்களாகவே அன்றைக்கு நிறுத்திவிடுவார்கள். ரெண்டும் தப்பு. தாகத்துக்குத் தாராளமாகத் தண்ணீர் குடியுங்கள். மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று டாக்டரையே கேளுங்கள். பக்கத்து ஸீட்காரரிடம் 'எக்ஸ்க்யூஸ் மீ' சொல்வதில் என்ன வெட்கம்? அவருக்கும் கால் நீட்டின புண்ணியம்!

முழங்காலுக்குக் கீழே இறுக்கிப் பிடிக்கும் பிரத்யேகக் காலுறை அபாயம் கூடுதலாக உள்ளவர்களுக்கு உதவும். ஆனால் அளவெடுத்து வாங்க வேண்டும். சர்க்கரையால் காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. 'ஆஸ்பிரின் ஒண்ணு போட்டுக்கிட்டா போச்சு' என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். விமானப் பயணத்துக்காக மட்டும் ஆஸ்பிரின் சாப்பிடுவதை நிபுணர்கள் சிபாரிசு செய்வதில்லை. தூக்க மாத்திரையும் மதுவும் வேண்டாம். மரக்கட்டை மாதிரி அசையாமல் தூங்குவதுதான் காலுக்கு முதல் எதிரி.

புது ஷூ விஷயம். அமெரிக்கா போகிறோமே என்று பளபளவென்று புது ஷூ வாங்கி ஏர்போர்ட்டில்தான் முதல்முறையாக மாட்டுவார்கள். பயணத்தில் பாதம் வீங்கும். சர்க்கரையால் உணர்ச்சி மங்கிய காலில் ஷூ கடித்தாலும் தெரியாது. இறங்கும்போது கொப்புளம், பத்து நாளில் புண்! ஒரு மாதம் முன்பே வாங்கி தினமும் வீட்டில் போட்டுப் பழகுங்கள்.

வீல்சேர் கேட்கலாமா? நடக்க முடியாதவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள், டிக்கெட் போடும்போதே சொல்ல வேண்டும். ஆனால் ஆங்கிலம் தெரியாது, வழி தெரியாது என்பதற்காக மட்டும் வீல்சேரில் உட்காருபவர்கள் ஒன்றை யோசிக்கலாம். பதினைந்து மணி நேரம் உட்கார்ந்த காலுக்கு, விமான நிலையத்தில் நடக்கும் அரை மணி நேரம் மருந்து மாதிரி. வழிகாட்ட ஆள் வேண்டும் என்று கேட்டாலே பல விமான நிறுவனங்கள் உதவுகின்றன.

இறங்கியதும் அதிகாரி கேட்பார், 'சாப்பாட்டுப் பொருள் இருக்கிறதா?' களைப்பில் 'நோ' சொல்லிவிடாதீர்கள். இருப்பதை இருக்கிறது என்று சொன்னால் தண்டனை இல்லை. ஆகாத பொருளை எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மறைத்தால்தான் அபராதம். பச்சைக் கறிவேப்பிலை, பழம், அரிசி இவற்றைக் கொண்டுபோகவே வேண்டாம்.

ராத்திரி ரெண்டு மணிக்கு சமையலறையில்...

கோடையில் சென்னையில் காலை 8 மணி என்றால் அங்கே முதல் நாள் மாலை 7.30. பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். பகல் அப்படியே ராத்திரி! உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் திரும்பும் என்பதால், சரியாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். மருமகள் 'வாங்க, கோல்டன் கேட் பார்க்கப் போகலாம்' என்று மறுநாளே கூப்பிட்டால், 'நாலு நாள் போகட்டும்மா' என்று சொல்லுங்கள்.

காலை வெயிலில் அரை மணி நேரம் நடப்பதைவிடச் சிறந்த மருந்து இதற்கு இல்லை. பகலில் தூங்கினாலும் அரை மணிக்கு மேல் வேண்டாம். அங்கே மெலட்டோனின் மாத்திரை சீட்டில்லாமலே கிடைக்கும். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

மாத்திரை நேரத்துக்கு ஒரு யோசனை. கையில் ஒரு பழைய வாட்ச், இந்திய நேரத்திலேயே ஓடட்டும். விமானத்தில் அதைப் பார்த்து மாத்திரை சாப்பிடுங்கள். அங்கே போன பிறகு, டாக்டர் எழுதிக் கொடுத்தபடி உள்ளூர் நேரத்துக்கு மாறுங்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினைச் சொந்தக் கணக்கில் மாற்றவே கூடாது.

முதல் வாரத்தில் ராத்திரி இரண்டு மணிக்குக் கொட்டக் கொட்ட விழிப்பு வரும். பசிக்கும். வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்களே என்று விளக்குப் போடாமல் மாடிப்படி இறங்குவீர்கள். கீழே விழுவது இப்படித்தான்! அங்கே பல வீடுகளில் படுக்கையறை மாடியில், படியெல்லாம் கம்பளம். ராத்திரி விளக்கு ஒன்று எரியச் சொல்லுங்கள். குளியலறையில் தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் காலை வைத்து இறங்கிக் குளிக்க வேண்டும். முட்டிவலிக்காரர்களுக்கு அது ஒரு சர்க்கஸ். கைப்பிடியும் ரப்பர் விரிப்பும் போடச் சொல்லி மகனிடம் போனிலேயே சொல்லிவிடுங்கள். செலவு கொஞ்சம்தான், ஓர் இடுப்பெலும்பு மிச்சம்!

ஜூலையில் ஸ்வெட்டர்

'கடற்கரை ஊர், அதுவும் கலிபோர்னியா, வெயில் காலம்... காட்டன் புடவை போதும்' என்று நினைத்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். சான் ஃப்ரான்சிஸ்கோவில் ஜூலை மாதப் பகலே சராசரியாக 19, 20 டிகிரி செல்ஷியஸ்தான். ராத்திரி 12, 13. பசிபிக் கடலின் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் கரையோரம் மேலே வருகிறது. உள்நாட்டுச் சமவெளி வெயிலில் கொதித்து, அங்கே காற்று மேலே எழும்புகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடல் மேலிருக்கும் குளிர்காற்று மூடுபனியோடு கோல்டன் கேட் இடைவெளி வழியாக உள்ளே பாய்கிறது. உள்ளே எவ்வளவு வெயிலோ, நகரத்தில் அவ்வளவு பனி!

உங்கள் பிள்ளை பெரும்பாலும் சன்னிவேல், ஃப்ரீமான்ட், சான் ஹோசே பக்கம் குடியிருப்பார். அங்கே பகலில் 30 டிகிரி அடிக்கும். அரைக்கைச் சட்டையோடு காரில் ஏறி ஒரு மணி நேரத்தில் பாலத்தில் இறங்கினால் வெடவெடவென்று நடுங்க வேண்டியதுதான். பாலத்தருகே ஸ்வெட்டர் விற்பவர்கள் பிழைப்பு நடப்பதே இப்படி வருகிறவர்களால்தான்! ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று மெல்லிய உடைகள், காதை மூடும் குல்லா, காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் போதும். ஆஸ்துமாக்காரர்களுக்குக் குளிர்காற்று ஆகாது. இன்ஹேலர் கைப்பையில் இருக்கட்டும். நகரம் நன்றாக வெயில் காய்வது செப்டம்பர், அக்டோபரில். ஆனால் அந்தச் சமயத்தில் சில வருஷம் காட்டுத்தீப் புகை வந்துவிடும். 2020 செப்டம்பர் 9 அன்று நகரத்தின் வானமே பகலில் ஆரஞ்சு நிறத்தில் இருண்டு கிடந்தது. புகை நாட்களில் நுரையீரல், இருதயத் தொல்லை உள்ளவர்கள் வெளியே போகாமல் இருப்பதே நல்லது.

அடுத்து மேடு. ஊரே குன்றுகள் மேல் கட்டியது. ஃபில்பர்ட் தெருவின் ஒரு பகுதி 31.5 சதவிகிதச் சரிவு. நம்ம மாடிப்படி மாதிரி ஏற வேண்டும். லம்பார்ட் தெருவின் எட்டு வளைவுகளைப் படம் எடுக்க ஆசையா? மேலிருந்து கீழே இறங்குங்கள், கீழிருந்து ஏற வேண்டாம். இறங்குவதும் முட்டிக்குக் கஷ்டம்தான், அதனால் காரிலேயே இறங்கினாலும் குற்றமில்லை. 1873-லிருந்து ஓடும் கேபிள் காரில் படி உயரம். வெளியே தொங்கிக்கொண்டு வருவதெல்லாம் பேரனோடு போகட்டும், நீங்கள் உள்ளே உட்காருங்கள். அல்கட்ராஸ் தீவுச் சிறைக்குப் படகில் போய் இறங்கினால், மேலே சிறைவரை 130 அடி ஏற்றம், ஏறக்குறைய 13 மாடி! ஏற முடியாதவர்களுக்கு அங்கே வண்டி ஏற்பாடு உண்டு, இறங்கியதும் கேளுங்கள்.

சமதளமாக நடக்க எம்பார்கடேரோ கடலோரப் பாதையும், பாலம் தெரியும் க்ரிஸி ஃபீல்டும், ஆயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்த கோல்டன் கேட் பூங்காவும் அருமை. அடிக்கடி 'ஒன்றுக்கு' போக வேண்டிய சர்க்கரை, ப்ராஸ்டேட்காரர்கள் ஃபெர்ரி கட்டடம், பியர் 39, நூலகங்கள், மியூசியங்கள் என்று இடத்தை முன்பே மனசில் குறித்துவைத்துக்கொண்டு சுற்றுங்கள். தெருவில் தேடினால் சுலபத்தில் கிடைக்காது.

கடலைக் கண்டால் நம்மவர்களுக்குக் கால் நனைக்காமல் வர மனசு வராது. ஓஷன் பீச்சில் அந்த ஆசையை அடக்குங்கள். தண்ணீர் கோடையிலும் பெரும்பாலும் 15 டிகிரியைத் தாண்டாது. உள்ளே இழுக்கும் நீரோட்டம் பயங்கரமானது. எல்லாம் அமைதியாக இருக்கும்போதே திடீரென்று ஒரு பெரிய அலை மேலே ஏறி வரும். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போட்டோவுக்கு நிற்கவே கூடாது.

'அவனுக்கு ஏன் செலவு?'

மிக வேதனையான விஷயம் இதுதான். நெஞ்சில் ஏதோ பிடித்திருக்கும். 'வாயுவா இருக்கும்' என்று பெருங்காயம் கரைத்துக் குடித்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள்வார் அப்பா. அம்மாவுக்குத் தெரியும், ஆனால் அவரும் சொல்ல மாட்டார். 'இங்க ஆஸ்பத்திரின்னா லட்சக்கணக்குல ஆகுமாமே, அவனுக்கு ஏன் செலவு வைக்கணும்? ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்.' ஹார்ட் அட்டாக்கில் முதல் சில மணி நேரம்தான் பொன்னான நேரம். அது இப்படிப் போய்விடுகிறது. மறைத்துச் சேமித்த டாலரைவிடப் பல மடங்கு, முற்றிய நோய்க்குச் செலவாகும். பிள்ளைக்குக் காலம் முழுக்க மனசில் முள்!

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணுவது, ஒரு பக்கம் கை கால் விழுவது, பேச்சுக் குழறுவது... உடனே 911. வீட்டில் யாரும் இல்லையென்றாலும் நீங்களே கூப்பிடலாம். இந்த நம்பரையும் வீட்டு முகவரியையும் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். அங்கே 1986-ல் வந்த ஒரு சட்டப்படி, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவரைப் பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து, ஆபத்தான நிலையிலிருந்து மீட்டாக வேண்டும். பில் வரும்தான். அதைப் பிறகு பேசலாம், தவணை கேட்கலாம். ஆங்கிலம் வராதென்றால் 'தமிழ்' என்று சொல்லுங்கள். போன் வழியாக மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேச ஆஸ்பத்திரிகளில் ஏற்பாடு உண்டு. ஜலதோஷம், சுளுக்கு, சிறுநீர் எரிச்சல் மாதிரி சமாசாரங்களுக்கு 'அர்ஜென்ட் கேர்' கிளினிக் போதும், செலவும் குறைவு.

செலவு பயத்துக்கு மருந்து இன்ஷூரன்ஸ். கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். மலிவாக இருக்கிறதே என்று பார்க்காமல் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று நிர்ணயித்த தொகை மட்டும் தருவார்களா, அல்லது பில்லில் பெரும்பகுதியைத் தருவார்களா? முதல் ரகத்தில் கையிலிருந்து நிறையப் போட வேண்டிவரும். இரண்டு, ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷர், இருதய நோயால் திடீரென்று ஒன்று வந்தால் தருவார்களா? பல திட்டங்களில் அது கிடையாது. சிலவற்றில் எதிர்பாராத அவசரத்துக்கு மட்டும் உண்டு. 70 வயதைத் தாண்டினால் தொகையும் குறைந்துவிடும். படிவத்தில் 'நோய் எதுவும் இல்லை' என்று எழுதி பிரீமியத்தை மிச்சம் பிடிக்கும் சாமர்த்தியம் வேண்டவே வேண்டாம். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பதே 'எத்தனை வருஷமாகச் சர்க்கரை?' என்றுதான். அங்கே உண்மை வெளியே வந்தால் ஒரு டாலர்கூட வராது.

இறங்கிய பிறகு இரண்டு கணுக்காலும் லேசாக வீங்கியிருந்தால் பயப்பட வேண்டாம், ஓரிரு நாளில் வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். ரத்தக் கட்டி பயணம் முடிந்து சில வாரம் கழித்தும் வரலாம்.

திரும்பி வருவதும் அதே தூரம்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். போகும்போது செய்த எல்லாவற்றையும் வரும்போதும் செய்ய வேண்டும். விமானம் தாமதமானாலும் தாங்கும்படி, திரும்பும் தேதிக்கு மேல் ஒரு வாரத்து மாத்திரை மிச்சம் இருக்கட்டும். இன்சுலின் நேரத்தை மறுபடி மாற்ற வேண்டும். அந்தச் சீட்டையும் முதலிலேயே டாக்டரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். சென்னையில் இறங்கிய மறுநாளே யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நாலு நாள் தூங்கி எழுந்து, சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிட்டு, அப்புறம் போய் மொய் எழுதலாம்.